ஒத்திகைக் காலத்துக் காதல்

யூரி என்று ஜப்பானியர் வழங்கும் கதைவகை, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கொள்ளும் பிரேமையைப் பொருளாகக் கொண்டது. மங்காவிலும் அனிமேயிலும் அது கிளைத்து வளர்ந்த விதத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோர் ஒரு விசேஷத்தைக் காணாதிருக்க முடியாது. இவ்வகையில் நிதான நடைக்குப் பேர்போன சித்திரங்கள் பலவற்றில், பள்ளிக்கூட விழாவில் மாணவியர் நடிக்கும் நாடகம் ஒன்று கதையின் மையத்திலோ அதற்கு மிக அருகிலோ வந்து நிற்கிறது. நாயகியருள் ஒருத்தி வேஷம் புனைகிறாள். மற்றவள் உடன் நடிக்கிறாள், அல்லது சபையிலிருந்து பார்க்கிறாள். நாடகத்துக்கு முன் அவர்களுக்குள் இருந்த உறவு பின்பு அதே உருவில் இருப்பதில்லை. எல்லாப் பள்ளிகளிலும்தான் விளையாட்டுப் போட்டி உண்டு, சங்கீதம் உண்டு, சுற்றுலா உண்டு. அவற்றுக்கெல்லாம் வாய்க்காத இந்த இடம் நாடகத்துக்கு மட்டும் வாய்ப்பானேன் என்ற வினா விசாரிக்கத் தக்கது.

கதாசிரியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துக்கொண்ட உத்தி இது என்று சொல்லி முடித்துவிடுவோர் உளர். எனக்கு அந்த விடை போதவில்லை. இக்கதைகளின் ஜீவன் அரங்கேற்றத்தில் இல்லை, ஒத்திகையில் இருக்கிறது என்பதும், அவற்றின் மந்த கதிக்கும் நாடகத்தின் மீது அவை கொண்ட பற்றுக்கும் காரணம் ஒன்றே என்பதும் என் கருத்து. பிறர் எழுதிக் கொடுத்த வாக்கியத்தைப் பலமுறை சொல்லிச் சொல்லி, ஒருநாள் அதைத் தன் வாக்காகவே உணர்ந்து திடுக்கிடுகிற பெண்ணை இந்தச் சித்திரங்கள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அவள் அப்படித் திடுக்கிடுவதற்கு நாள் பிடிக்கும். அந்த நாள்களைக் குறைத்துச் சொன்னால் கதையே இல்லை.

இதன் பூர்விகத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். 1899-ஆம் ஆண்டில் மாகாணந்தோறும் பெண்களுக்கு உயர்தரப் பள்ளி அமைய வேண்டும் என்று ஜப்பானிய அரசு ஆணை பிறப்பித்தபின், குழந்தைப் பருவத்துக்கும் விவாகத்துக்கும் இடையே சில ஆண்டுகள் பெண்ணுக்குப் புதிதாகக் கிடைத்தன. அந்த ஆண்டுகளில் மூத்த மாணவிக்கும் இளைய மாணவிக்கும் இடையே வளர்ந்த ஆழ்ந்த நேசத்தை, சகோதரி என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு 'எஸ்' உறவு என்று அவர்களே அழைத்துக்கொண்டனர். கடிதங்களும் மலர்களும் கண்ணீருமாக நடந்த அந்த நேசத்தை உலகம் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது. பொறுத்ததற்குக் காரணம் கருணையன்று. பிற்காலத்தில் கணவனிடம் செலுத்தவேண்டிய அன்புக்கு இது ஒரு பயிற்சி, பள்ளியை விட்டதும் தானே கழிந்துவிடும் என்ற நிச்சயமே காரணம். பெண்ணுக்குப் பெண் கொண்ட காதல், ஊரார் கணக்கில், மெய்யான நாடகத்துக்கு முந்திய ஒத்திகையாக வைக்கப்பட்டது.

அந்தக் கணக்கை ஒப்பாதவர் யோஷியா நொபுகோ. 1896-இல் பிறந்து 1973-இல் மறைந்த இவ்வம்மையார், 1916-இல் 'ஹனா மொனோகதாரி' என்ற மலர்க்கதைகளை ஒரு சிறுமியர் பத்திரிகையில் எழுதத் தொடங்கி, மாணவியரின் நேசத்துக்கு அழகிய உரைநடை ஒன்றைத் தந்தார். அக்கதைகளின் முடிவில் பிரிவும் மரணமுமே மிகுதி என்பது மெய்தான். ஆயினும் அவர் தம் வாழ்வில் அந்த முடிவுக்கு இணங்கவில்லை. 1923-இல் சந்தித்த மொன்மா சியோ என்ற பெண்மணியோடு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கூடி வாழ்ந்தார். இருவரையும் ஒரே குடும்பமாக ஏற்கச் சட்டத்தில் வேறு வழியில்லாமையால், 1957-இல் சியோவைத் தம் சுவீகார புத்திரியாகப் பதிவு செய்துகொண்டார். அவருடைய இறுதிக்கால இல்லம் காமகுரா நகரின் ஹசே பகுதியில் இன்றும் நினைவில்லமாக இருக்கிறது. அந்த ஊருக்கு நாம் மறுபடியும் வரவேண்டியிருக்கும்.

நாடகத்தின் பக்கமிருந்து வந்த ஊற்று தகராஸுகா என்னும் மகளிர் நாடகக் குழு. கொபயாஷி இச்சிஸோ என்ற ரயில்வே முதலாளி, தம் இருப்புப்பாதை முடியும் வெந்நீரூற்று ஊருக்குப் பிரயாணிகளை ஈர்க்கும் பொருட்டு 1913-இல் சிறு பெண்களைக் கொண்டு ஒரு பாட்டுக் குழுவைச் சேர்த்தார்; ஆதரவு பெறாமற்போன உள்ளரங்க நீச்சல் குளம் ஒன்று அரங்கமாக மாற்றப்பட்டு, 1914 ஏப்ரலில் முதல் ஆட்டம் அதில் நடந்தது. ஆண் வேஷமும் பெண்களே கட்டுவது அங்கே சம்பிரதாயம். 'ஒதோகோயாகு' எனப்படும் அந்த ஆண்வேஷக்காரிகளின் மீது நூறாண்டுகளாக உயிரை வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தோள்களை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்தி, ஆண்மையை ஒரு கலையாகப் பயின்று மேடையேறும் அந்தப் பெண்ணிடம் ரசிகைகள் காண்பது ஓர் ஆணை அன்று. பெண்ணொருத்தி அப்படியும் இருக்கக் கூடும் என்ற சாத்தியத்தையே காண்கிறார்கள். பள்ளி நாடகத்தில் நெடிய மாணவி ஒருத்தி கதாநாயகனாக வந்து நின்றதும் சபை முழுவதும் மூச்சடக்கும் காட்சி, எந்த அனிமேயில் வந்தாலும், தகராஸுகாவின் வாரிசாகவே வருகிறது.

இவ்விரு ஊற்றுகளும் கலந்து அண்மைக் காலத்தில் வெளிப்பட்ட இடங்களுள் முக்கியமானது, கொன்னோ ஒயுகி 1998-இல் தொடங்கிய 'மரியா-சமா கா மிதேரு' என்னும் நாவல் வரிசை. 2004-இல் அது தொலைக்காட்சிச் சித்திரமாயிற்று. அதன் தொடக்கமே நாடகந்தான். அண்டைப் பள்ளி மாணவன் ஒருவன் ராஜகுமாரனாக நடிக்கவிருக்கும் 'சின்ட்ரெல்லா'வில் நாயகியாக நடிக்க மறுக்கும் சச்சிகோ, தற்செயலாக எதிர்ப்பட்ட யுமி என்ற இளைய மாணவியைத் தன் 'தங்கை'யாக அறிவித்து அந்தப் பொறுப்பிலிருந்து தப்பப் பார்க்கிறாள். யுமி தங்கையாக இசைவாளா என்பதைப் பந்தயமாக வைத்து ஒத்திகை நாள்கள் கழிகின்றன. அழகிய தொடக்கம், ஆனால் இதில் வரும் பாசம் எஸ் மரபின் வேலியைத் தாண்டுவதில்லை. ஜபமாலை கைமாறுகிறது, கழுத்துப்பட்டை திருத்தப்படுகிறது, அதற்கு மேற்பட்டதைச் சொல்ல அந்த உலகத்தில் இடம் வைக்கப்படவில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பின்வந்தவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதற்கு அது எல்லைக்கல்லாக நிற்கிறது.

ஷிமுரா தகாகோவின் 'அவோய் ஹனா' அந்த எல்லையை அமைதியாகக் கடந்தது. நீல மலர் என்று பொருள்படும் இந்த மங்கா 2004 முதல் 2013 வரை தொடர்ந்து வெளிவந்து எட்டுத் தொகுதிகளில் நிறைவுற்றது. கசாய் கெனிச்சி இயக்க, ஜே.சி. ஸ்டாஃப் நிறுவனம் 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரை பதினொரு பகுதிகளாக இதனை அனிமே ஆக்கியது. கதை நடப்பது காமகுராவில். டோக்கியோவுக்குத் தென்மேற்கே, ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கங்களில் குன்றுகளும் சூழ்ந்த பழைய தலைநகரம் அது. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும் எனோதென் என்ற சிறு ரயில், பத்துக் கிலோமீட்டர் தூரமே உள்ள தன் பாதையை அவசரமின்றிக் கடக்கிறது. நாயகி ஃபுமி நெடியவள், கூச்சமுள்ளவள், எதற்கும் கண்ணீர் விடுபவள். பத்தாண்டுகளுக்கு முன் பிரிந்த பால்ய சிநேகிதி அகிராவை ரயிலிலே மீண்டும் காண்கிறாள். முதலில் இருவருக்கும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை.

ஃபுமி படிப்பது மத்சுஒகா பள்ளியில். அகிரா சேர்ந்திருப்பதோ ஃபுஜிகயா என்ற கனவான் வீட்டுப் பெண்கள் பள்ளியில். மத்சுஒகாவின் கூடைப்பந்துத் தலைவியும், முன்பு ஃபுஜிகயாவில் பயின்று விட்டுவந்தவளுமான சுகிமோதோ யசுகோ, ஃபுமியின் தனிமைக்குள் எளிதாக நுழைந்து அவளைத் தன் காதலியாக்கிக்கொள்கிறாள். ஃபுஜிகயாவின் நாடக விழாவுக்கு யசுகோவை அழைக்கிறார்கள். நாடகம் எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்'. அவளுக்கு வாய்த்த வேடம் ஹீத்கிளிஃப். தகராஸுகாவின் நிழல் இங்கே முழுதாக விழுந்திருக்கிறது. நெடிதுயர்ந்த மேனி, வெட்டிய கேசம், அலட்சியமான புன்னகை, அவளைச் சூழ்ந்து அலறும் இளைய மாணவியர் என்று எல்லாம் சம்பிரதாயப்படியே இருக்கின்றன.

ஷிமுராவின் மேதை அந்தச் சம்பிரதாயத்தைக் கொண்டு அதன் உள்ளீட்டைத் திறந்து காட்டுவதில் இருக்கிறது. ஹீத்கிளிஃப் யார்? தான் நேசித்தவள் வேறொருவனுக்கு மனைவியாகப் போனதைத் தாங்கமாட்டாமல் உள்ளே எரிந்தவன். யசுகோவும் அந்நிலையில் இருப்பவளே: ஃபுஜிகயாவில் தான் விரும்பிய ஆசிரியர் ககாமி, அவளுடைய மூத்த சகோதரியை மணக்கவிருக்கிறார். ஆகவே மேடையில் சபையை மயக்கும் அவளுடைய நடிப்பின் பாதி, நடிப்பே அன்று. ஆண் வேஷத்தின் மிடுக்கு, ஓர் ஆணால் ஏற்கப்படாத பெண்ணின் புண்ணை மூடும் ஆடையாக அங்கே நிற்கிறது. அதைக் கண்டு காதலுறும் ஃபுமியோ, வேஷத்தை நேசிப்பவளாக இன்றி மெய்யாகவே பெண்ணை நேசிப்பவளாக இருக்கிறாள். ஒருத்திக்குத் தற்காலிகத் தங்குமிடமாக அமைந்தது மற்றவளுக்கு வாழ்வே என்பதை இருவரும் உணரும்போதுதான் கதையின் மெய்யான துயரம் தொடங்குகிறது. இந்த விபரீதத்தை இவ்வளவு சாந்தமாக, ஒருவர்மீதும் பழி சுமத்தாமல் சொன்ன சித்திரம் வேறொன்றை நான் அறியேன்.

நாடகம் முடிந்தபின் யசுகோ ஃபுமியைப் பிரிகிறாள். ஃபுமி அழுது தீர்க்கிறாள். அந்த அழுகையின் ஓரத்தில் அகிரா இருக்கிறாள். ஒன்றும் செய்யத் தெரியாமல், ஆனால் விலகிப் போகவும் தெரியாமல், தோழியின் துயரத்தோடு துயரப்பட்டுக்கொண்டு இருக்கிறாள். தன் காதல் ஒரு பெண்ணிடம் என்பதை ஃபுமி அவளிடம் ஒளிக்காமல் சொல்லும் காட்சியில் பின்னணி வாத்தியம் உயர்ந்து ஒலிப்பதில்லை. திகைத்த அகிரா மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதையே யோசிக்கிறாள், யோசிக்க அவளுக்குச் சித்திரம் அவகாசம் தருகிறது. பதினோராம் பகுதியின் இறுதியில், தன் முதற்காதல் உண்மையில் யாரிடம் சென்றது என்பது ஃபுமிக்கு நினைவு வருகிறது. அது அகிராதான் என்பதைப் பார்ப்பவன் எப்போதோ ஊகித்திருப்பான். ஊகித்ததனால் அந்த நினைவின் சுகம் குறைவதில்லை.

ஃபுஜிகயா பள்ளியின் கட்டடத்துக்கு மாதிரியாக அமைந்தது ஹசேயில் உள்ள காமகுரா இலக்கிய அருங்காட்சியகம். மயேதா பிரபு குடும்பத்தாரின் மாளிகையாக 1936-இல் எழுந்த அது, மிஷிமா யுகியோவின் 'ஹரு நோ யுகி' நாவலில் வரும் மாளிகைக்கும் மாதிரி எனப்படுகிறது. யோஷியாவின் நினைவில்லமும் அதே ஹசேயில்தான். ஷிமுரா இதையெல்லாம் எண்ணித்தான் அந்த ஊரைத் தேர்ந்தார் என்று சொல்ல நான் துணியேன். ஆனால் மங்காவின் பிற்பகுதியில் ஃபுஜிகயா மாணவியர் எடுத்து நடிக்கும் நாடகம் மிஷிமாவின் 'ரொகுமெய்கான்' என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தக் குன்றுச் சரிவின் நிழல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாகவே தோன்றும். மேல்நாட்டு உடையும் நடனமும் பயின்று தங்களை வேறொருவராகக் காட்ட முயன்ற மெய்ஜி காலத்துப் பிரபுக்களை 1956-இல் மிஷிமா மேடையேற்றினார். பாவனையே வாழ்வாகிவிட்ட மனிதரைப் பற்றிய அந்த நாடகத்தில் இம்முறை அகிராவும் பாத்திரமேற்கிறாள். இதற்குள் ஃபுமியின் மனம் தன்பால் இருப்பதை அறிந்து, தான் திரும்பக் கொடுக்கக்கூடியது எது என்று தேடிக்கொண்டிருப்பவள் அவள்.

இனி, நகதானி நியோவின் 'யாகதே கிமி நி நாரு'. 2015 முதல் 2019 வரை வெளிவந்த இந்த மங்காவும் எட்டுத் தொகுதிகளே. கதோ மகோதோவின் இயக்கத்தில், ஹனாதா ஜுக்கியின் திரைக்கதையோடும் ஓஷிமா மிச்சிருவின் இசையோடும், த்ரோய்கா நிறுவனம் 2018 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதின்மூன்று பகுதிகளாக இதை ஒளிபரப்புக்கு அளித்தது. இங்கே நாடகம் கதையின் ஒரு சம்பவமாக நிற்கவில்லை; கதையின் தத்துவமாகவே ஆகிவிட்டது.

யூ, புத்தகக் கடைக்காரர் வீட்டுப் பெண். பாட்டுகளிலும் கதைகளிலும் வரும் காதல் தன் மனத்தில் எப்போது பிறக்கும் என்று காத்திருந்தும் அது பிறவாமையால் கலங்குபவள். தோகோ, எல்லாருடைய காதலையும் மறுக்கும் மூத்த மாணவி. மாணவர் சங்கத் தலைவி. குறையொன்றும் காணமுடியாத பூரணி என்று பள்ளி முழுவதும் கருதப்படுபவள். அந்தப் பூரணத்துவம் விபத்தில் மாண்ட மூத்த சகோதரியின் வேஷம் என்பதைக் கதை மெல்ல மெல்ல வெளியிடுகிறது. தலைவியாயிருந்த சகோதரி நடத்தவிருந்து நடவாமற்போன மாணவர் சங்க நாடகத்தைத் தான் நடத்தி முடிக்க வேண்டும் என்பது தோகோவின் சங்கல்பம். அவள் யூவை நேசிக்கிறாள். நேசிப்பதற்குக் காரணம், யூ தன்னை நேசிக்கமாட்டாள் என்ற அபயம். யாராவது தன்னை விரும்பினால், அவர்கள் விரும்புவது வேஷத்தையா உள்ளே ஒளிந்திருக்கும் கோழையையா என்று அவள் அஞ்சவேண்டியிருக்கிறது. இருவகையும் அவளுக்குச் சகிக்கவில்லை.

யூவின் தோழி கொயோமி எழுதும் நாடகத்தில், நினைவிழந்து மருத்துவமனையில் கிடக்கும் பெண்ணொருத்தியைக் காண மூவர் வருகின்றனர். மூவரும் அவளைப் பற்றிச் சொல்வது மூன்று விதம். எவள் மெய்யானவள் என்று தெரியாமல் தவிக்கும் அவள், முதலில் எழுதப்பட்ட முடிவின்படி, காதலி அறிந்த உருவைத் தேர்ந்துகொள்கிறாள். தோகோ நோயாளி, அவளுடைய தோழி சயாகா காதலி, யூ தாதி. அந்த முடிவு தோகோவை மீண்டும் ஒரு வேஷத்துக்குள் தள்ளும் என்று கண்ட யூ, முடிவை மாற்றி எழுதும்படி கொயோமியை வேண்டுகிறாள். ஒரு பெண் தன் பிரியத்துக்குரியவளிடம் நேரே சொல்ல முடியாததை, நாடகாசிரியையின் வீட்டுக்குப் போய், தாதியின் வாயில் வைக்கும்படி கேட்கும் இந்தச் செய்கையினும் பெரிய காதற் செய்கை இச்சித்திரத்தில் இல்லை. யூவோ அப்போதும் தனக்குக் காதல் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உடன் நடிப்போரிடமும் இந்தத் தத்துவம் பரவியிருக்கிறது. மாகி என்ற மாணவன் பிறருடைய காதலைப் பார்த்து மகிழ்பவன். தான் அதில் பாத்திரமாக விரும்பாமல் என்றும் சபையிலேயே இருக்க விரும்புகிறான். காதலற்றவள் என்று தன்னை எண்ணும் யூவுக்கும் மெய்யாகவே சபைக்குரியவனான அவனுக்கும் உள்ள பேதத்தை ஆசிரியர் நுட்பமாக வகுக்கிறார். சயாகாவின் கதையோ நாம் முன்பு கண்ட ஊரார் கணக்கை நேராகவே எதிர்கொள்கிறது: அவளுடைய பழைய பள்ளியில் அவளைக் காதலித்த மூத்த மாணவி, சில காலம் கழித்து, அது அறியாத வயதின் விளையாட்டு என்று இலேசாகத் தள்ளிவிடுகிறாள். கேட்டவளுக்கு அது விளையாட்டாயிருக்கவில்லை. சயாகா ஒரு காப்பிக் கடையில் அதன் உரிமையாளரான மியாகோவிடம் மனம் திறக்கும் காட்சியில், எதிரே இருப்பவள் தன் துணைவியோடு வாழும் வயது வந்த பெண் என்பது கதைக்கு மிக அவசியமானது. பள்ளியின் மதிலுக்கு வெளியிலும் இந்தக் காதலுக்கு வீடு உண்டு, தொழில் உண்டு, இரவுச் சமையல் உண்டு என்பதை யோஷியாவின் கதைகள் காட்டவில்லை, அவருடைய வாழ்க்கைதான் காட்டியது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் கதை அந்த வாழ்க்கையை எட்டிப் பிடித்திருக்கிறது.

மந்த கதியைப் பற்றிய குறை இங்கே கவனிக்கத் தக்கது. பேச்சுக்கிடையே நீளும் மௌனம், தண்டவாளக் கடப்பில் தாழும் தடுப்பு, ஆற்றின் குறுக்கே போட்ட படிக்கற்களில் நின்று இருவர் பேசுகையில் அவர்களுக்கு நடுவே ஓடும் நீர் என்று நிமிஷங்களைச் செலவிட்டால் கதை எப்போது நகர்வது என்று கேட்கிறார்கள். ஆறாம் பகுதியின் அந்தப் படிக்கற் காட்சியையே எடுத்துக்கொள்வோம். சகோதரியாக ஆகவேண்டாம், நீயாகவே இரு என்ற பொருளில் யூ சொல்ல, தோகோ கடுமையாக மறுக்கிறாள். அதன்பின் யூ அருகே வந்து, உன்னை நேசிக்கமாட்டேன் என்ற பொய்யை அவளுக்கு அபயமாக அளிக்கிறாள். கேட்டவள் ஆறுதலடைகிறாள், சொன்னவள் அந்தக் கணம் முதல் நடிகையாகிறாள். இருவரும் நின்ற தூரம், அதைக் கடக்க யூவுக்குப் பிடித்த நேரம், கல்லின்மேல் வைத்த அடி ஆகிய யாவும் சேர்ந்தல்லவா அந்தப் பொய்யின் கனத்தை நமக்கு உணர்த்துகின்றன? விரைவில் சொல்லியிருந்தால் அது சாதாரண ஊடல். மெய்ப்பாடு தோன்றவேண்டிய முகத்தை, அது தோன்றும் வரை நோக்கியிருக்கும் பொறுமை எல்லா நடிப்புக் கலைக்கும் உரியது. இயக்குநர் கதோ அதைச் சித்திரத்திலும் சாதித்திருக்கிறார்.

அவரது அனிமே, நாடகம் மேடையேறுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது உண்மை. மங்காவின் ஆறாம் தொகுதியில் வரும் அரங்கேற்றத்தை அது எட்டவில்லை. பலருக்கு இது பெருங்குறை. முடிவு அறுபட்டது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும் கடைசிப் பகுதியில் மீன்காட்சிசாலைக்குப் போய்த் திரும்பும் இருவரும் ரயிலில் அயர்ந்திருக்க, இடமாறி ஏறவேண்டிய நிலையம் வந்ததென்று யூ தோகோவை எழுப்பும் முடிவு, ஒத்திகைக் காலத்துக்கே உரிய முடிவாக அமைந்திருப்பதை மறுக்க முடியவில்லை. நான் அதிகம் வருந்துவது 'அவோய் ஹனா'வுக்காக. அங்கே அனிமேயில் வந்திருப்பது யசுகோவின் நாடகம் மட்டுமே. அகிரா பாத்திரமேற்ற 'ரொகுமெய்கான்' பகுதி ஏட்டிலேயே நின்றுவிட்டது. இதன் விளைவு சிறியதன்று. ஆணை விரும்பி ஏமாந்து பெண்ணிடம் சற்றே தங்கிய யசுகோவின் கதை முழுமையாகவும், பெண்ணைப் பெண் விரும்பிச் சேரும் ஃபுமி, அகிராவின் கதை தொடக்கமாகவும் மட்டுமே சித்திரத்தில் நிற்பதால், அதை மட்டும் பார்த்தவர்கள் பழைய எஸ் மரபின் முடிவையே மறுபடி கண்டதாக எண்ணிவிட இடமுண்டாகிறது. ஷிமுரா எழுதியது அதுவன்று. தோழி தன்னை விரும்புகிறாள் என்று அறிந்தபின், அஞ்சியும் இசைந்தும் பிரிந்தும், தன் மனத்தில் இருப்பது இன்னது என்று அகிரா கடைசித் தொகுதியில்தான் தெளிகிறாள். அந்த மெதுவான தெளிவுதான் அவருடைய நூலின் பெரும்பகுதி. கசாயின் குழுவினர் காமகுராவின் கடற்காற்றையும் நீர்வண்ண வானத்தையும் தீட்டிய அதே கையால் அந்த மீதித் தொகுதிகளையும் தீட்டியிருந்தால், யூரிச் சித்திரங்களின் வரலாற்றில் 2009-ஆம் ஆண்டுக்கு இன்றுள்ளதைவிட எவ்வளவோ பெரிய இடம் கிடைத்திருக்கும். இப்போதேனும் யாராவது அந்த வேலையை மேற்கொள்ள வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.